அட்டவணையில் இல்லாத நட்சத்திரங்கள்

புத்தகத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

ரவூப் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினான். நேற்றிரவு நிலா மூன்று நட்சத்திரங்களை மறைக்கும் என்று அட்டவணை சொன்னது. மூன்றுக்கும் நேரம் எழுதியிருந்தான். அவற்றுக்கு நடுவே நான்காவதாக ஒன்று: ஒன்பது மணி, பதினான்கு நிமிடம், முப்பத்தேழு விநாடி. எழுத்து அவனுடையதுதான். ஏழு என்ற எண்ணின் இடுப்பில் குறுக்குக் கோடு போடும் வேண்டாத பழக்கம் கணிதத் துறையிலேயே அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. ஆனால் எழுதிய ஞாபகம் இல்லை.

சாக்கின்மேல் சுருண்டு படுத்திருந்த இந்த வருடக் கூட்டாளி பதுர்தீனை எழுப்பி, ராத்திரி கயிற்றை எத்தனை தரம் இழுத்தாய் என்று கேட்டான். மூன்று தரம் என்று பதுர்தீன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். அதைச் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ரவூபுக்கு அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை. தூக்கக் கலக்கத்தில் எதையோ கிறுக்கியிருக்கிறேன் என்று அந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் படுத்தான்.

அறுபத்தெட்டாம் ஆண்டு மார்ச் மாதம் அது. பல்கலைக்கழகம் ஆற்றோரப் பள்ளத்தில் இருந்ததால் பாதி இரவுகள் பனிமூட்டத்திலேயே போய்விடும் என்று, உக்குவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த கொக்கோ காயவைக்கும் கட்டடத்தைக் கணிதத் துறை வாடகைக்கு எடுத்திருந்தது. ஓர் அறை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். வெளியே கொட்டைகளைப் பரப்பும் சீமெந்துத் தளம். தளத்தின் விளிம்பில் தடுப்பு எதுவும் இல்லை. விளிம்புக்குக் கீழே இருபதடிக் கல்லுக்கட்டு, அதற்கும் கீழே பாறையும் கொக்கோ மரங்களும். கொட்டை புளித்த வாடை சுவரில் ஊறிப்போயிருந்தது. எத்தனை வருடமானாலும் அது போகாது என்று காவற்காரர் மாரிமுத்து சொல்லியிருந்தார். ரவூபின் புத்தகங்களிலும் போர்வையிலும் இப்போது அதே வாடைதான்.

வானியல் படிக்கிறேன் என்று சொன்னால் ஊரில் ஜாதகம் பார்ப்பாயா என்று கேட்டார்கள். மாத்தளையில் மிளகு வியாபாரம் செய்யும் வாப்பா ஜைனுதீன், பிறை பார்ப்பதற்கு ஒரு பட்டம் எதற்கு என்று கேட்டார். கடைசி வருடத்து மாணவர் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வேலை சொல்வதற்கு எளிது. நிலா நகர்ந்துபோகும்போது வழியில் உள்ள நட்சத்திரங்களை மறைக்கும். அந்தக் கணத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்கு வரை சரியாகக் குறிக்க வேண்டும். அப்படி நாற்பது மறைப்புகள். இந்த அரை நிலாவுக்கு முன் ரவூபிடம் முப்பத்துநாலு இருந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன் மீதி ஆறும் வராவிட்டால் பட்டம் இல்லை என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். அப்புறம் மிளகுக் கடைதான். கடைசி வருடத்துக்கு இது அவனுடைய இரண்டாவது வாய்ப்பு. இன்னொன்று கிடையாது.

நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக, அமாவாசை, அரை நிலா, முழு நிலாதோறும் வரும் போயா நாள்தான் விடுமுறை என்று ஆக்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரை நிலாப் போயாவுக்கு ஊரே ஓய்ந்து உறங்கும். வளர்பிறை அரை நிலாதான் மறைப்புக்கு வாகான நிலா. ஆகவே எல்லாரும் தூங்கும் நாள் பார்த்து ரவூப் விழித்திருக்க வேண்டும், மறுநாள் எல்லாரோடும் எழுந்து விரிவுரைக்கும் போக வேண்டும். அவன் கடைசியாக எப்போது ஆசை தீரத் தூங்கினான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வெளியே தொலைநோக்கியில் கண் வைத்து உட்கார்ந்திருப்பான். அவன் வலது மணிக்கட்டில் ஒரு கயிறு. அது ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மேசைக்கு மேலே தொங்கும் ஒரு மணியில் முடியும். நட்சத்திரம் மறைந்ததும் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளே இருப்பவன் சிவப்புத் தாள் சுற்றிய விளக்கடியில், ரேடியோவில் விநாடிக்கு ஒரு தரம் வரும் 'டிக்'கைக் கேட்டபடி, மணி அடித்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து எழுத வேண்டும். வெளியில் இருப்பவன் பேசக்கூடாது, உள்ளே இருப்பவன் கதவைத் திறக்கக்கூடாது. பேச்சு எண்ணிக்கையைக் குழப்பும், வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும்.

அந்தச் சட்டத்தைப் போட்டவன் ரவூப். போன வருடம் அவனுடைய கூட்டாளி அழகமுத்து. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். மணியும் அவன் கொண்டுவந்ததுதான், அவன் அம்மா பாப்பம்மாவின் ஆட்டுக் கழுத்தில் கிடந்தது. அழகமுத்து இருட்டில் உட்கார்ந்து இரவு முழுக்க எதையாவது பேசிக்கொண்டிருப்பான். ரவூபுக்குத் தூக்கம் கெட்டது. அதனால்தான் சட்டம் வந்தது. எண்ணிக்கை, வெளிச்சம் என்பதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட காரணங்கள்.

அழகமுத்து இறந்து சரியாகப் பன்னிரண்டு வளர்பிறை அரை நிலாக்கள் ஆகியிருந்தன.

இரண்டாம் இரவு மேகம் இல்லை. கீழே மாத்தளை ரயில் உக்குவளையில் நின்று கிளம்பிப்போன சத்தம் வந்தது. அதன்பின் சில்வண்டுகளும், கூரைத் தகரம் சூடாறும்போது விடும் 'டக்' ஒலியும், ரேடியோவின் இரைச்சலும் மட்டும். பதுர்தீன் வெளியே உட்கார்ந்திருந்தான். ரவூப் மேசையில் முழங்கையை ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கி, 'டிக்'குகளை எண்ணிக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெய்ப் புகையும் புளித்த வாடையும் சேர்ந்து தொண்டையில் பாசிபோலப் படிந்தன. மணி அடித்தது, எழுதினான். கண் தானாக மூடியது. திறந்தபோது விளக்கு கொஞ்சம் மங்கியிருந்தது. மணி அடித்தது, எழுதினான். கயிறு ஜன்னல் கட்டையில் உரசும் சத்தம், ஒரு மெல்லிய கீறல் மாதிரி, இழுப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு தடவையும் கேட்டது. அதைப்பற்றி யோசிக்க வேண்டும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

விடிந்து பார்த்தபோது அட்டவணை சொன்ன மூன்றும் இருந்தன. கூடுதலாக ஐந்து வரிகள். அவன் எழுத்து, அவன் குறுக்குக் கோடு போட்ட ஏழுகள். முதல் வரி ஒன்பது பதினான்கு முப்பத்தேழு.

இந்தத் தடவை கோடு இழுத்து அடிக்கக் கை வரவில்லை. அந்த நேரத்தை அவன் முன்பே எங்கோ பார்த்திருந்தான். எங்கே என்றும் அவனுக்குத் தெரிந்தது. தெரியாததுபோல ஒரு நாள் முழுக்க நடித்திருந்தான், அவ்வளவுதான்.

தகரப் பெட்டியின் அடியிலிருந்து போன வருடத்துப் புத்தகத்தை எடுத்தான். கடைசிப் பக்கம். மூன்று நட்சத்திரங்கள் வர வேண்டிய இரவில் பதினொரு நேரங்கள். ஒன்றுக்கும் நட்சத்திரம் இல்லை. விரிவுரையாளர் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டு, 'காரணம் தெரியாது' என்று எழுதி மொத்தத்தையும் தள்ளிவைத்திருந்தார். ஒன்பது பதினான்கு முப்பத்தேழில் முதலாவது. பத்து ஐம்பத்திரண்டில் கடைசி. முதல் ஐந்தும் நேற்றைய ஐந்தும் பத்தில் ஒரு பங்கு பிசகாமல் ஒன்றாக இருந்தன.

காரணம் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவன்தான் உயிரோடிருந்தான்.

போன வருடம் அந்த இரவு ரவூப் தொடர்ந்து மூன்றாம் நாளாகத் தூங்காமல் இருந்தான். மணி அடித்தது, எழுதினான், தலை மேசையில் விழுந்தது. மறுபடி மணி அடித்தது, எழுதினான். இன்றைக்கு நட்சத்திரம் அதிகம்போல என்று ஒரு தடவை நினைத்தான். அட்டவணையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பவில்லை. மணிகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது, அது தூங்க வசதியாக இருந்தது. விடிந்து கதவைத் திறந்தபோது முக்காலி காலியாக இருந்தது. கயிறு தொலைநோக்கியைத் தாண்டிப் போய், தளத்தின் விளிம்பில் மடிந்து, கீழே இறங்கியிருந்தது.

முதுகெலும்பு முறிந்திருந்தது என்றார் டாக்டர். நெஞ்செலும்பு நொறுங்கியிருந்ததால் குரல் எழும்பியிருக்காது. இரண்டு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும். வலது கை மட்டும் அசைந்திருக்கலாம். மரண விசாரணையில் ரவூபைக் கேட்டார்கள். சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றான். சவ அடக்கத்தன்று, மண்வெட்டிச் சத்தத்துக்கு நடுவில், பாப்பம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கூப்பிடலையா தம்பி? எம்புள்ள ஒங்களக் கூப்பிடவே இல்லையா?"

"இல்ல," என்றான் ரவூப். "ஒரு சத்தமும் கேக்கல."

அன்று முதல் தனக்குள் அவன் சொல்லிக்கொண்டது இதுதான்: குரல் கேட்கவில்லை, அது உண்மை. கணக்குப் படித்தவனுக்குப் பொய்யை இப்படிப் பத்தில் ஒரு பங்குவரை சரிபார்த்து வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது.

இரண்டு புத்தகங்களையும் ஒப்பிட்ட அன்று போயா நாள் என்பதால் பகல் முழுக்கத் தோட்டம் அடங்கிக் கிடந்தது. ரவூப் தூங்கவில்லை. மடக்கைப் புத்தகத்தை விரித்து, இரண்டு இரவுகளிலும் கிடைத்த ஆறு உண்மையான நட்சத்திரங்களின் கணக்கைப் போட்டான். எண்ணிக்கைப்படி நாற்பது நிறைந்துவிட்டது, மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆறிலும் ஒரே மாதிரி ஒரு பிந்தல் இருந்தது. நட்சத்திரம் மறைவதைக் கண் பார்த்தாலும் கை இழுக்கச் சற்றுச் சுணங்கும். அது ஆளுக்கு ஆள் வேறு. ஓர் ஆளுக்கு என்றும் ஒரே அளவு. துறையில் ஒரு பல்பை அணைத்து அணைத்து ஒவ்வொருவருக்கும் அதை அளந்து வைத்திருந்தார்கள். பதுர்தீனுக்குப் பத்தில் இரண்டு. ரவூபுக்குப் பத்தில் மூன்று. துறையிலேயே மந்தமான கை அழகமுத்துவினுடையது, பத்தில் ஆறு. நட்சத்திரம் செத்துக் கருமாதி முடிந்தபிறகுதான் அழகமுத்து கயிற்றை இழுப்பான் என்று எல்லாரும் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஆறு நட்சத்திரம். ஒவ்வொன்றிலும் பத்தில் ஆறு.

மூன்று தடவை போட்டுப் பார்த்தான். விடை மாறவில்லை. வெயில் தளத்தில் தகித்துக்கொண்டிருந்தது, அவனுக்கு உள்ளங்கால் ஜில்லிட்டது. பதுர்தீனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு நட்சத்திரமும் எப்படி மறைந்தது, பட்டென்று போனதா மங்கிப் போனதா என்று கேட்டான். பதுர்தீன் அக்குறணைப் பையன், இரண்டாம் வருடம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். காது மடல் சிவந்தது. காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இழுக்கவே இல்ல நானா," என்றான் கடைசியில், அண்ணனிடம் ஒப்புக்கொள்வதுபோல. "ரெண்டு ராவும் அங்கயே ஒக்காந்தபடி நித்திரையாப் போயிட்டேன். காலைல பாத்தா நீங்க எல்லாம் எழுதி வச்சிருந்தீங்க. வெக்கத்துல சொல்லல்ல."

ரவூப் அவனைத் திட்டவில்லை. திட்டும் தகுதி தனக்கு இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதற்குத் தேவையான மூச்சு அவனிடம் இல்லை. கயிறு உன் கையில்தானே கட்டியிருந்தது என்று மட்டும் கேட்டான். பதுர்தீன் யோசித்தான். கட்டிக்கொண்டுதான் தூங்கினேன், விடியும்போது கையில் இல்லை, முக்காலிக் காலடியில் சுருட்டி வைத்திருந்தது, நீங்கள் எடுத்துச் சுருட்டியதாக நினைத்தேன் என்றான்.

ஆறு நேரங்களும் பார்க்க அழகான நேரங்கள். கொடுத்தால் விரிவுரையாளர் தட்டிக்கொடுப்பார், வாப்பாவுக்கும் பதில் சொல்லியாயிற்று. ஆனால் யாரும் பார்க்காத நட்சத்திரத்தைப் பார்த்ததாக எழுதிக்கொடுக்க ரவூபால் முடியவில்லை. நட்சத்திர விஷயத்தில் அவன் அப்படி நேர்மையானவன். அன்று இரவு நிலா ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் ஊடாகப் போகிறது, ஏழு மறைப்புகள். ஒன்றைத் தவறவிட்டாலும் ஆறு தேறிவிடும். அடுத்த அரை நிலா வருவதற்குள் கெடு முடிந்துவிடும். இன்றைக்கு நான் வெளியே இருக்கிறேன், நீ உள்ளே எழுது, தூங்கினால் கொன்றுவிடுவேன் என்று பதுர்தீனிடம் சொன்னான். பதுர்தீன் நிம்மதியோடு அல்ஹம்துலில்லாஹ் என்றான்.

பொழுது சாயும்போது பாப்பம்மா வந்தார். மகன் போனபிறகும் அரை நிலா நாட்களில் இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு அவர் ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. அந்த ரொட்டியை மென்று விழுங்குவதுதான் ரவூபுக்கு அந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. துணி மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு அவர் தளத்தில் நின்று விளிம்பைப் பார்த்தார். கொஞ்ச நாளாக அவன் கனவில் வருகிறான் என்றார். வந்து பேசமாட்டேன் என்கிறானாம், வலது கையை மட்டும் காட்டுகிறானாம்.

"ஒங்கள நான் கொற சொல்லல தம்பி. கூப்பிட்டான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். கூப்பிடாமச் செத்தான்னா அவனுக்கு நம்ம யாருமே வேணாம்னு ஆயிருதில்ல. அதத்தான் தாங்க முடியல."

சொல்லிவிடலாம் என்று ரவூபுக்கு வாய்வரை வந்தது. பதினொரு தடவை கூப்பிட்டான் அம்மா, ஒவ்வொன்றையும் நான் எழுதி வைத்திருக்கிறேன், புத்தகம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. சொன்னால் அந்த முகம் என்னவாகும்? தோட்டம் என்ன சொல்லும், பல்கலைக்கழகம் என்ன சொல்லும்? இந்த அசதியில் எதையும் சமாளிக்க முடியாது, பட்டம் கையில் வந்தபிறகு சொல்லலாம் என்று நினைத்தான். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"இல்லம்மா," என்றான். "ஒரு சத்தமும் கேக்கல."

பாப்பம்மா தலையை ஆட்டினார். வெறும் துணியை மடித்துக்கொண்டு இறங்கிப்போனார்.

எட்டரைக்கு ரவூப் முக்காலியில் உட்கார்ந்தான். உம்மா பின்னிக் கொடுத்த பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டான், முழங்கையில் கிழிந்திருந்தது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றினான். மிச்சக் கயிறு முக்காலிக்குப் பக்கத்தில் வளையமாகக் கிடந்தது. கதவு மூடியது. கதவடியில் ஒரு சிவப்புக் கீற்று, ஜன்னலுக்குள்ளிருந்து ரேடியோவின் 'டிக், டிக்', அதற்கப்பால் எல்லாம் இருட்டு. கொக்கோ இலைச் சருகுக்குள் ஏதோ ஊர்ந்துபோகும் சத்தம் கீழிருந்து வந்து வந்து நின்றது. காற்றே இல்லாமல் கல்லுக்கட்டின் பாசி வாடை மேலே ஏறி வந்தது. கண்ணை வைத்தான். பாதி நிலா, அதன் இருண்ட விளிம்பு, அதை நெருங்கும் ஒரு சிறு புள்ளி.

புள்ளி போனது. இழுத்தான். உள்ளே மணி அடித்தது. இது நான் இழுத்தது, என் கை, என் பத்தில் மூன்று. ஒரு வருடத்தில் முதல்முறையாக அவனுக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே நடந்தது. கண்ணை எடுத்துக் கழுத்தைத் தடவிவிட்டுக்கொண்டான்.

அப்போது பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய கீறல். கயிறு சீமெந்தில் உரசுவது.

கீழே பார்த்தான். வளையமாகக் கிடந்த கயிறு குறைந்துகொண்டிருந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அவசரமில்லாமல் அவிழ்ந்து, தளத்தின்மேல் நீண்டு, விளிம்பை நோக்கிப் போய், விளிம்பில் மடிந்து இறங்கியது. கடைசிச் சுற்றும் போய்க் கயிறு விறைத்தது.

இழுப்பு வந்தது. கீழேயிருந்து.

அவன் மணிக்கட்டைத் தாண்டிப் போய், உள்ளே மணி அடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே அவனுக்கு நேரம் தெரியும். ஒன்பது பதினான்கு முப்பத்தேழு.

"பதுர்தீன்," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. உள்ளே ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. கதவு எட்டுக் காலடி தூரம். விளிம்பும் எட்டுக் காலடி. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், அது இறுகியிருந்தது. மறுபடி இழுப்பு. மறுபடி மணி. உள்ளே பையன் உட்கார்ந்திருந்த கதிரை கிறீச்சிட்டது, எழுதுகிறான். சொன்ன சொல்லைத் தட்டாத பையன்.

மூன்றாவது இழுப்பு பலவீனமாக இருந்தது. யாரோ களைத்துப்போன கை. அது அவனை என்னவோ செய்தது. பயம் இருந்தது, பயத்துக்கு மேலே துக்கம் வந்தது. போன வருடம் கதவிலிருந்து இந்த முக்காலிவரை எட்டே எட்டுக் காலடிதான் நடக்க வேண்டியிருந்தது. நடக்கவில்லை.

"வாறேன்டா," என்றான். "இந்தா வந்துட்டேன்."

நடந்தான். விளிம்பில் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தான். நிலா வெளிச்சத்தில் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. சருகு. வேர். கயிறு கல்லுக்கட்டோடு ஒட்டித் தொங்கி, நுனியில் ஒரு சுருக்கோடு முடிந்தது. ஒரு மணிக்கட்டு அளவுச் சுருக்கு. அதற்குள் கை இல்லை. யாரும் இல்லை. காற்றில்லாத இருட்டில் அது மட்டும் மெதுவாக ஆடியது.

யா அல்லாஹ் என்று மூச்சு விட்டான்.

பின்னால் முக்காலியின் கால் சீமெந்தில் இழுபட்டது.

திரும்பினான்.

முக்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முதுகு இந்தப் பக்கம். கண் தொலைநோக்கியில். இடது செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் வலது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இருட்டில் உட்கார்ந்தால் அழகமுத்து அப்படித்தான் தேய்ப்பான். ரவூபை அவன் பார்க்கவில்லை. வேலையில் இருந்தான். கயிறு அவன் கையிலும் இருந்தது.

மேலே ஒரு நட்சத்திரம் மறைந்தது.

ஒரு சின்னத் தாமதம். எல்லாரும் சிரிக்கும் அந்தத் தாமதம்.

பிறகு கை சுண்டியது. மணி அடித்தது. ரவூபின் மணிக்கட்டும் சுண்டப்பட்டது, விளிம்புப் பக்கமாக.

விழுந்த சத்தத்தை அவன் கேட்கவில்லை. முகத்தருகே சருகு, பாசி, ஈரம். வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருந்தது. கால்கள் எங்கே என்று தெரியவில்லை. கத்த வாயைத் திறந்தான், நெஞ்சுக்குள் ஏதோ நறநறத்தது, மூச்சு மட்டும் வந்தது. குளிர்ந்தது. உடம்பில் ஸ்வெட்டர் இல்லை.

வலது கை அசைந்தது.

கயிற்றை இழுத்தான். மேலே மணி அடித்தது.

மேலே காலடிகள். கதவு திறந்தது, சிவப்பு வெளிச்சம் கொக்கோ இலைகளின் நுனியில் விழுந்தது. வருகிறார்கள். பள்ளத்திலிருந்து தெரியக்கூடாத வாசலில் நின்றவனின் முதுகு தெரிந்தது. பழுப்பு ஸ்வெட்டர். முழங்கையில் கிழிசல்.

"என்ன நானா, உள்ள வந்துட்டீங்க," என்றது பதுர்தீனின் தூக்கக் குரல். "யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

பதில் சொன்ன குரலை ரவூபுக்குத் தெரியும், அது அவனுடையது. அதன் களைப்பையும் தெரியும். ஒரு வருடமாக அவன் சுமந்த களைப்பு அது.

"இல்ல. ஒரு சத்தமும் கேக்கல."

கதவு மூடியது. இலை நுனிகள் இருண்டன.

மறுபடி இழுத்தான். மேலே மணி அடித்தது. உள்ளே பதுர்தீன் நேரத்தை எழுதிக்கொண்டான்.